கட்டைவிரல் இளவரசன் காதில் சொன்னது

வேங்கிக்கால்,
9.6.2025

வேதாவுக்கு,

வணக்கம். இந்த வணக்கத்தைப் போடுவதற்கே வெகுநேரம் யோசித்தேன். கட்டிய மனைவிக்குக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. விடுப்பு விண்ணப்பம்தான் சொல்லித்தந்தார்கள்.

கவுன்சலிங்கில் எழிலரசி மேடம் சொன்னது உனக்கும் நினைவிருக்கும். "போன்ல பேசினா அஞ்சு நிமிஷத்துல கத்த ஆரம்பிச்சுடறீங்க. லெட்டர் எழுதுங்க. வீட்டு விஷயம் ஒரு வார்த்தை வரக்கூடாது. எல்லாத்தையும் எனக்குக் காட்டணும். ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி ரெண்டு பேரும் திரும்ப வாங்க. அன்னைக்கும் பிரியணும்னே சொன்னீங்கன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்." அதற்குப் பிறகு, "சரி, ரெண்டு பேருக்கும் பொதுவா என்னங்க பிடிக்கும்?" என்று கேட்டார். நாம் முழித்த முழி இருக்கிறதே! கடைசியில் நான்தான் "பழைய பூதப் படம் மேடம்" என்றேன். நீ சிரித்துவிட்டாய். அந்தச் சிரிப்பை நம்பித்தான் இந்தக் கடிதம்.

முதல் சந்தேகம். ‘மாயக்கிணற்று மகாராணி’யில் பூதம் குடத்திலிருந்து வெளியே வந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறது. வேலையைச் சொன்னாலும் சிரிக்கிறது. சிரித்து முடித்த பிறகுதான் வேலை. எங்கள் சர்வே ஆபீஸில்கூட மனு கொண்டுவந்தவரை இவ்வளவு நேரம் நிறுத்திவைப்பதில்லை. ஏன் சிரிக்கிறது? இத்தனை காலம் அடைத்து வைத்ததற்குக் கோபம்தானே வரவேண்டும்? உன் கருத்தை எழுது.

இப்படிக்கு,
விமல்ராஜ்


ஜமுனாமரத்தூர்,
18.6.2025

திரு. விமல்ராஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே மலையில் சிக்னல் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. தபால் ஒழுங்காக வருகிறது. சாயங்காலமானால் குளிர் ஜாஸ்தி. மற்றபடி சுகம்.

உங்கள் பூதம் சிரிப்பதற்குக் காரணம் ரொம்ப எளிது. அடைத்து வைத்திருந்த இடத்தை விட்டு வெளியே வந்தால் யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். (மேடம், இது படத்தைப் பற்றியது.)

எனக்கும் சந்தேகங்கள் உண்டு. குகையில் ராட்சசன் கதாநாயகியைக் கட்டிப்போட்டிருக்கிறான். அவள் தலைவாரிப் பூ வைத்திருக்கிறாள். பூ யார் வாங்கித் தருகிறார்கள்? அவ்வளவு பெரிய குகையை யார் பெருக்குகிறார்கள்? ராட்சசன் தினமும் என்ன சாப்பிடுகிறான்? மனிதர்களைத்தான் என்றால், ஊரில் இன்னும் எப்படி இத்தனை பேர் திருவிழாவில் ஆடுகிறார்கள்? நீங்கள் நூறு முறை பார்த்திருப்பீர்கள். ஒரு நாளாவது இதைக் கேட்டதுண்டா?

இன்னொரு செய்தி. பயிற்சி வீடியோ என்று நினைத்து வீட்டிலிருந்து நான் எடுத்துவந்த பென்டிரைவ் உங்களுடையது. தலைமையாசிரியை என்ற கம்பீரத்தோடு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் டிவியில் அதைப் போட்டேன். ‘ராட்சச மரவட்டை’ கத்திக்கொண்டே ரயிலைக் கவ்வியது. பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் போனார்கள். நிறுத்திய பிறகு ஒரு பெண் தலையை நீட்டி, "டீச்சர், அது பாவம். அந்த ரயில்தானே முதல்ல அதும்மேல ஏறுச்சு?" என்றாள். இதை நீங்களும் நானும் எப்படிக் கவனிக்காமல் போனோம்? வெள்ளிக்கிழமைதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வேதா


வேங்கிக்கால்,
26.6.2025

அன்புள்ள வேதாவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் கேன்டீனில் படித்துச் சிரித்ததில் டீ சட்டையில் கொட்டிவிட்டது. குகையைப் பெருக்குவது யார் என்று இந்தப் பிறவியில் நான் நினைத்துப் பார்த்ததில்லை. அடிமைப் பூதங்கள் இருக்கலாம். பூவைப் பற்றி மட்டும் ஒன்றும் புரியவில்லை.

மரவட்டையைப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டுகிறாய் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை இழுக்கும் கயிறு தெரியும்தான். ஆனால் டப்பிங்கைக் கவனித்தாயா? வெள்ளைக்கார விஞ்ஞானி முழ நீளத்துக்கு வாயசைப்பான், தமிழில் "ஆபத்து" என்று மட்டும் வரும். மறு காட்சியில் அவன் "ம்" என்பான், தமிழில் மரவட்டையின் குலம் கோத்திரமே வரும்! கடைசியில் அது உப்பளத்தில் விழுந்து கரைந்து, ஒற்றை முட்டை மட்டும் மிஞ்சும் பார், அந்த இடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க நான் அங்கே இல்லையே என்று இருக்கிறது.

அந்தப் பென்டிரைவில் இன்னொரு பொக்கிஷம் இருக்கிறது, ‘பனிமலைப் பூதகி’. கீழ்பென்னாத்தூரில் என்னோடு படித்த முருகையன் எங்கிருந்தோ தேடிப் பிடித்துக் கொடுத்தான். அதை நானே இன்னும் பார்க்கவில்லை. பத்திரம்.

அன்புடன்,
விமல்ராஜ்


ஜமுனாமரத்தூர்,
5.7.2025

விமல்ராஜுக்கு,

மரவட்டை உப்பளத்தில் கரையும் என்று உங்களை யார் சொல்லச் சொன்னார்கள்?

பிள்ளைகள் ரயில் காட்சியைத்தான் தாண்டியிருந்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து, அது பிழைக்குமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தை நீங்கள் போடும்போதெல்லாம் நான் பாதியில் அடுப்படிக்குப் போய்விடுவேன். முடிவை நான் பார்த்ததே இல்லை. நேற்று எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தபோது எனக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. எவ்வளவு எரிச்சலாக இருந்தது தெரியுமா?

எழிலரசி மேடம் மன்னிக்க வேண்டும். இனி எழுதுவது வீட்டு விஷயம்தான். தியேட்டரில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால், "இப்போ பாரு, அவன் செத்துடுவான்"னு சொல்வீர்கள். முன் வரிசைக்காரர் திரும்பித் திட்டிய பிறகும் சொல்வீர்கள். அதை நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் போன வருஷம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது என் போனை எடுத்து, பதவி உயர்வைச் சொல்லக் கூப்பிட்ட அதிகாரியிடம், "ஜமுனாமரத்தூரா? அவங்க போக மாட்டாங்க சார்"னு சொன்னீர்களே, அது எந்தப் படத்தின் முடிவு? தலைமையாசிரியை ஆகவேண்டும் என்று நான் எத்தனை காலம் காத்திருந்தேன்! என் வாயிலிருந்து வரவேண்டிய பதிலை நீங்கள் சொல்லிவிட்டு, என்னிடம் சொல்லக்கூட மறந்துவிட்டீர்கள். மறுநாள் இன்னொரு டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓடிப்போய் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு நீங்கள் பேசியதையும் நான் பேசியதையும் இங்கே எழுதவேண்டாம்.

என்னைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைக்கிறீர்கள். ஏற்கெனவே பார்த்த படம் மாதிரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேதா


வேங்கிக்கால்,
20.7.2025

அன்புள்ள வேதாவுக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. எழுதிப் பார்த்ததெல்லாம் எனக்கே வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன்.

நீ சொன்னது சரி. தப்புதான். அதற்கு மேல் நீட்டினால் நானே பேசிக்கொண்டிருப்பேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இத்தனை வருஷத்தில் நீ எனக்கு ஒரு படத்தின் கதையைச் சொன்னதில்லை. சொல்ல நான் இடம் கொடுத்ததில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. ‘பனிமலைப் பூதகி’யை நீ பார். பார்த்துவிட்டு எனக்குச் சொல். அதைப் பற்றி எனக்குச் சத்தியமாக ஒன்றும் தெரியாது. உனக்கு எந்த இடத்தில் சிரிப்பு வரும், எந்த இடத்தில் எழுந்து போவாய் என்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
விமல்


ஜமுனாமரத்தூர்,
28.7.2025

அன்புள்ள விமலுக்கு,

சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்தில், வேர்க்கடலை கொறித்துக்கொண்டு தனியாகப் பார்த்தேன். எழுந்தே போகவில்லை. கதையைச் சொல்கிறேன். குறுக்கே பேச உங்களால் முடியாது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஒரு இளவரசி. முனிவர் தவம் செய்யும்போது தும்மிவிடுகிறாள், அவ்வளவுதான். "பூதகியாகப் போ" என்று சாபம். (இந்த முனிவர்கள் காட்டில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்? பறவை கத்தினால் பொறுத்துக்கொள்வார்கள், பெண்பிள்ளை தும்மினால் ஆகாது.) பனைமர உயரத்துக்கு வளர்ந்துவிடுகிறாள். சேலையும் கூடவே வளர்கிறது. அதைத் தணிக்கைக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள் போல. அவளைக் கட்டிய இளவரசன் இப்போது அவள் கட்டைவிரல் அளவுதான் இருக்கிறான். அரண்மனையில் இடம் போதாமல் அவள் பனிமலைக்குப் போய்விடுகிறாள். பனி என்பது பஞ்சு. ஒரு காட்சியில் மின்விசிறிக் காற்றில் மலையே பறக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அவளுக்கு அங்கே பிடித்துப்போகிறது. வழி தவறி வருபவர்களைக் கையில் தூக்கி ஊரில் விடுகிறாள். நடுவில் ஒரு பாட்டு உண்டு. அவள் ஆடினால் கேமரா ஆடுகிறது. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இளவரசன் படையோடு வருகிறான். வேல், அம்பு, தீப்பந்தம். அவள் ஊதியதும் படை பறந்துவிடுகிறது. அவன் மட்டும் மிஞ்சுகிறான். வாளைக் கீழே போட்டுவிட்டு அவள் சேலை மடிப்பைப் பிடித்து ஏறுகிறான். வழுக்குகிறான், மறுபடி ஏறுகிறான். அவள் தட்டிவிடவில்லை. தோளுக்கு வந்து, தோட்டைப் பிடித்துத் தொங்கி, அவள் காதுக்குள் குனிகிறான்.

என்ன சொன்னான் என்று நான் எழுதப்போவதில்லை.

அன்புடன்,
வேதா


வேங்கிக்கால்,
6.8.2025

என் அன்புள்ள வேதாவுக்கு,

இது அநியாயம். எனக்குச் சோறு இறங்கவில்லை. வயலை அளக்கப் போனால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, அவன் என்ன சொல்லியிருப்பான் என்று நிற்கிறேன். இதே வேதனையை இத்தனை நாள் உனக்கு நான் மிச்சப்படுத்திவிட்டேன் என்று நினைத்திருந்தேனே, இது வேதனை இல்லை என்று இப்போது தெரிகிறது. நன்றாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமாட்டாமல் கீழ்பென்னாத்தூருக்கு வண்டியை விட்டேன். முருகையன் மல்லாட்டை, அதான் நீ கொறித்த வேர்க்கடலை, காயவைத்துக்கொண்டிருந்தான். "பூதகி படம் பாத்துட்டியாடா? அந்தக் காதுல பேசற சீன் இருக்குது பாரு..." என்று ஆரம்பித்தான். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு "சொல்லாதடா!" என்று கத்தினேன். அவன் மனைவி பயந்து வெளியே வந்துவிட்டாள். டீகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன்.

இந்த இடத்தில் என் ஊகத்தை எழுதினேன். பிறகு நன்றாக மையடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

இன்னொன்று. போளூர் பக்கம் இடமாற்றம் கேட்டால் கிடைக்கும் என்கிறார்கள். அங்கிருந்து உன் மலைக்கு வந்து போகலாம். மனு எழுதவில்லை, யாரிடமும் பேசவில்லை. கேட்கட்டுமா, வேண்டாமா என்று உன்னைத்தான் கேட்கிறேன். நீ இல்லாமல் எனக்கு இந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை, வேதா. பதினெட்டாம் தேதிக்கு முன்னால் நான் அங்கே ஒரு முறை வரலாமா?

உன்
விமல்


ஜமுனாமரத்தூர்,
11.8.2025

அன்புள்ள விமலுக்கு,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நன்றாகத்தான் அடித்திருக்கிறீர்கள்.

வாருங்கள். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் வடிந்திருக்கும், பஸ்ஸில் இடம் கிடைக்கும். பதினைந்தாம் தேதி காலையில் இங்கே நான்தான் கொடி ஏற்றுகிறேன். அதற்குள் வந்துவிட்டால் பார்க்கலாம். பிள்ளைகள் உங்களைச் சூழ்ந்துகொண்டு, மிஞ்சிய முட்டையிலிருந்து அடுத்த மரவட்டை வருமா என்று கேட்பார்கள். உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லாதீர்கள்.

நான் இந்த வேலையை விடமாட்டேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இடமாற்றம் கேட்பதா வேண்டாமா என்பதை, நீங்கள் இங்கே இரண்டு நாள் குளிரில் நடுங்கிப் பார்த்த பிறகு பேசலாம். கேட்டீர்களே, அதுவே எனக்குப் போதும். படித்துவிட்டு அழுதேன். பதினெட்டாம் தேதி ஒரே பஸ்ஸில் மலையிறங்குவோம். எழிலரசி மேடத்திடம் என்ன சொல்வது என்று வழியில் யோசித்துக்கொள்ளலாம். அதற்கும் பதிலை முன்கூட்டியே தயாரித்துக்கொண்டு வராதீர்கள்.

நம் வீட்டு ஸ்பீக்கரை மறக்காமல் எடுத்துவாருங்கள். இளவரசன் அவள் காதருகே வாயைத் திறந்ததும் நான் படத்தை நிறுத்திவிட்டேன். தனியாகப் பார்க்க மனசு வரவில்லை. அவன் என்ன சொன்னான் என்று எனக்கும் தெரியாது. பள்ளிக்கூட டிவியில் சத்தம் கம்மி. அவ்வளவு சின்ன ஆள் சொல்வது நம் இரண்டு பேருக்கும் கேட்க வேண்டும்.

உங்கள்
வேதா