பின் சீட்டின் இடது பக்கம்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். விவேக் நகரிலிருந்து பொம்மசந்திரா கம்பெனிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். காருக்குள் மறுபடியும் பெட்ரோல் வாசனை. பஸ் குலுக்கல் எனக்கு ஆகாதென்று மூன்றாம் மாதத்தில் சேவியர் (இந்த நோட்டில் சே.) வாங்கித் தந்த பழைய வண்டி. இப்போது ஆறாம் மாதம்.

இதுவரை பார்த்தது:
டேங்க் மூடி. புதுசு போட்டாயிற்று.
என்ஜின் பக்கம். எங்கும் ஈரமில்லை.
டிக்கி. காலி.
மிதியடிகள். துவைத்துக் காயவைத்தும் பயனில்லை.

ஃபுல் டேங்க் போட்ட அன்று அதிகம். வளைவில் திரும்பினால் இன்னும் அதிகம்.

சே. தலையை உள்ளே விட்டு முகர்ந்தார். "எனக்கு ஒண்ணும் வரலையே ஸ்டெல்லா. இந்த மாசத்துல உனக்கு எல்லாமே நாறும்."

வெந்தயக்கீரை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

வெயில் கொஞ்சம், மழை கொஞ்சம்.

இங்கே மட்டும் எழுதலாம். அந்த வாசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

பத்து நாளாக மதியச் சாப்பாடு முடிந்ததும் பார்க்கிங்குக்குப் போகிறேன். பின் சீட்டு. கண்ணாடி நான்கும் ஏற்றி. வாசனை முதலில் குளிர்ச்சி, பிறகு ஒரு இனிப்பு, நாக்கின் அடியில். கண்ணாடியில் வழியும் தண்ணீருக்குப் பின்னால் கம்பெனி மரங்கள் கரைந்து போகின்றன. லாரி ஹாரன்கள் எங்கோ கடலுக்கு அந்தப் பக்கத்தில். உடம்பு என்று ஒன்று இல்லாத மாதிரி. குழந்தை மட்டும் உள்ளே மெல்லப் புரளும், மீன் போல.

தப்பென்று தெரியும். லேபில் வேலை பார்ப்பவள் நான், தெரியாமலா இருக்கும்? பத்தே நிமிடம் என்று போகிறேன்.

சே.யிடம் சொல்லவில்லை. மெக்கானிக்கிடம் போகலாமா என்று அவர் கேட்டதற்கு, "அடுத்த வாரம் பாத்துக்கலாங்க" என்றேன்.

ஜூன் 12, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் பின் சீட்டிலேயே தூங்கிவிட்டேன். கனவில் தரையில்லாத நீல வெளிச்சம். டக் டக் என்று சத்தம். செக்யூரிட்டி கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஏனு மேடம், ஆரோக்ய சரி இல்வா?" உடம்பு சரியில்லையா என்று மூன்று தடவை கேட்டிருப்பார் போல. மணி பார்த்தேன். நாற்பது நிமிடம் போயிருந்தது. தலை இரண்டாகப் பிளக்கிற வலி.

சாப்பிட்டதும் உதைக்கிற குழந்தை உதைக்கவில்லை. மூன்று மணி. இல்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்து இடது பக்கமாகப் படுத்தேன். இல்லை. நாலு மணி.

சே.க்கு போன் செய்துவிட்டு, காரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ. வழியெல்லாம் வயிற்றில் கை. மாதாவே, மாதாவே.

சே. எனக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி வாசலில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்.

நர்ஸ் வயிற்றில் ஜெல் தடவிக் கருவியை வைத்தார். இரைச்சல். வெறும் இரைச்சல். "அசையாதீங்கம்மா." பிறகு, தூரத்தில் ஒரு ரயில் பாலமேறுவது போல, தடதடவென்று. சே. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் மாத்திரை வாங்கப் போன நேரத்தில் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா திட்டவில்லை.

"சில பேர் மண்ணு திம்பாங்க, சில பேர் சாக்பீஸ். உடம்புல இரும்புச்சத்து கம்மியானா இப்படி ஆசை வரும். ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். ஆனா அந்த வண்டில இனிமே ஏறக்கூடாது. சரி பண்ற வரைக்கும்."

"குழந்தைக்கு…?"

"இப்போ நல்லாருக்கு. இப்போ வரைக்கும்."

ஜூன் 14, சனி

மழை. இரும்புச்சத்து ரொம்பக் கம்மியாம். மாத்திரை, இரண்டு வேளை.

சே. காரை ஓட்ட, நான் பின்னால் ஆட்டோவில். முன்னால் என் வண்டி, ஈரத்தில் சிவப்பு விளக்கு கலங்க, என்னை விட்டுவிட்டுப் போவது போல மிதந்துகொண்டே இருந்தது.

சிவாஜிநகரில் நயாஸ் பாய் என்கிற மெக்கானிக். "எனக்கு மூக்கு போயிடுச்சு சார், கொரோனால. பிரியாணிகூட சும்மா சூடா இருக்கும், அவ்ளோதான். எங்கேன்னு யாராச்சும் சொல்லுங்க, கை வெச்சு கண்டுபிடிச்சிடுவேன்."

சே. "முன்னாடிலருந்து பாக்கலாமா?" என்று ஆரம்பித்தார்.

"பின் சீட்டு," என்றேன். "இடது பக்கம். சீட்டும் சாய்மானமும் சேர்ற இடம்."

சீட்டைத் தூக்கினார்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் வட்டமாக ஒரு மூடி. சுற்றிலும் கறுப்பாக ஈரம்.

"யா அல்லா," என்றார் பாய். "இதுக்குக் கீழேதான் பெட்ரோல் பம்ப். யாரோ பம்ப் மாத்திட்டு பழைய ரப்பரையே போட்டிருக்கான். பாருங்க, வெடிச்சிருக்கு. டேங்க் ரொம்புனா மேலே வரும், வண்டி வளைஞ்சா தெறிக்கும். ஒரு பொறி போதும் மேடம்."

சே. என்னைப் பார்த்தார். "எப்படி இவ்வளவு கரெக்டா சொன்னே? தேடிப் பாத்தியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே எடுத்துக் கொடுத்த பதில்.

"இல்ல. தினமும் அங்கே உக்காந்திருந்தேன். கண்ணாடிய ஏத்திட்டு. எனக்கு அது புடிச்சிருந்துச்சு."

சே. எதிர்க்கடையில் துணி மடிப்பவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். டீ வந்தது. ஆறியது.

ஜூன் 16, திங்கள்

தூறல். இன்று சே. ஓட்டினார். லீவு போட்டுவிட்டாராம். சனிக்கிழமையிலிருந்து "மாத்திரை போட்டியா?" என்பதைத் தவிரப் பேச்சில்லை.

புது ரப்பர் போட்டதும் வாசனை சுத்தமாகப் போய்விட்டது. ஈரத்துணி வாடை மட்டும். கார் பெரிதாகிவிட்டது போல, நடுவில் ஏதோ காலி.

ஓசூர் ரோட்டில் வண்டிகள் அசையாமல் நின்றபோது கேட்டார். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"உங்களுக்கு வாசனையே வரலைன்னீங்க."

வைப்பர் போய் வந்தது. போய் வந்தது.

"நானும் சரியா பாக்கல," என்றார். பிறகு, "இப்போ எப்படி இருக்கு? வேணும்னு தோணுதா?"

"தோணுது."

அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். எட்டி என் பக்கத்தையும் இறக்கினார். சாரல் அடித்து அவர் சட்டைக் கை நனைந்தது, என் சாப்பாட்டுப் பை நனைந்தது. கம்பெனி வாசல் வரை ஏற்றவே இல்லை.