பாசிக்குக் கீழே இருந்த வெட்டு

அன்பு மகள் லெம்லெமுக்கு அப்பா எழுதுவது,

நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தப் பனி ஊரில் சளி, காய்ச்சல் என்று படுக்காமல் இருக்க மரியன்னை துணை நிற்கட்டும். ஊர்க் காட்டில் காப்பி பறிக்க நமக்கு விட்ட பங்கில் நின்ற ஐந்து பெரிய மரங்களைச் சாகடித்தது நான்தான். அதற்காக ஊர்க் காட்டுச் சங்கம் நம் பங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது, உன் பெரியப்பா என்னோடு பேசி நாற்பது நாள் ஆகிறது. போனில் நீ கேட்டபோதெல்லாம் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றேன், அது பொய். வேறு யார் வாயிலிருந்தாவது உன் காதுக்கு வருவதற்குள் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைப்போலத்தான், நீ அனுப்பிய களிம்பில் பாதியை அவளுக்குத் தெரியாமல் கோவேறு கழுதையின் காலுக்குத் தடவிவிட்டேன், கழுதைக்கு நன்றாகக் கேட்டது, அவளுக்குத்தான் கேட்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் தலைநகரிலிருந்து ஒருவர் வந்து, மர நிழலில் தானாக முளைத்த காட்டுக் காப்பிதான் வேண்டும், நாற்பது மூட்டை கொடுத்தால் வருஷா வருஷம் உன்னிடமே எடுக்கிறேன் என்றார். நம் பங்கில் பதினைந்து மூட்டைக்கு மேல் எந்த வருஷமும் வந்ததில்லை, மற்றவர்கள் சரக்கெல்லாம் சங்கத்து வழியாகப் போவதால் அவர்களிடம் வாங்கிச் சேர்க்கவும் வழியில்லை. மரங்களுக்கு நடுவே வெயில் கொஞ்சம் உள்ளே விழுந்தால் செடி இரண்டு மடங்கு காய்க்கும் என்று எனக்குத் தெரியும். சட்டம் உனக்கும் தெரிந்ததுதான், காப்பிச் செடிக்கு நடுவில் புதரைக் களையலாம், உயிருள்ள மரத்தில் கத்தி படக்கூடாது, தானே பட்டுப்போன மரத்தைச் சங்கம் பார்த்து அனுமதி கொடுத்தால் வெட்டலாம். உப்பு மூட்டை சுமந்து தொழில் கற்றவன் நான், எந்தக் கட்டுப்பாட்டைக் கேட்டாலும் சந்து எங்கே இருக்கிறது என்றுதான் என் புத்தி முதலில் போகும். ஐந்து மரத்தின் அடியிலும் பாசியைக் கம்பளி மாதிரி மெல்லச் சுருட்டி மேலே தூக்கி, பட்டையைச் சுற்றிலும் கை அகலத்துக்கு உரித்துவிட்டு, பாசியைப் பழையபடி இறக்கி மூடினேன். ஒரு வருஷத்தில் இலை கொட்டி நின்றன. இதெல்லாம் நீ திரும்பி வந்தால் இருக்க ஒரு வீடு கட்டத்தான் என்று பிறகு அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "பழிய புள்ள தலையில கட்டாதீங்க, அவ உங்ககிட்ட வீடு கேட்டாளா?" என்றாள். நீ கேட்கவில்லை. ஆசைதான், வேறொன்றுமில்லை.

மரம் செத்ததா இல்லையா என்று சங்கம் கேட்பது யாரை? ஐம்பது வருஷமாக அந்த மரங்களில் ஏறி, தேனீ வந்து அடையத் தேன்கூடை தொங்கவிடுகிற உன் பெரியப்பா அதெல்லோவைத்தான். அந்த ஐந்து மரங்களில் மூன்றில் அவர் கூடைகள் இருந்தன. புழு அரித்துவிட்டது அண்ணே என்றேன். வந்தார், மரத்தில் உள்ளங்கையை வைத்தார், அண்ணாந்து பார்த்தார். "நீ சொன்னா சரியாத்தான்டா இருக்கும்" என்றார். பாசியைத் தூக்கிப் பார்க்கவில்லை. சங்கத்தில் எழுந்து நின்று, புழுதான், இதற்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தார். தலைவர் மெகுரியா, "அதெல்லோ அண்ணே, உங்க தம்பி பங்குல மட்டும் புழுவுக்கு என்ன இம்புட்டுப் பசி?" என்று கேட்க, சபையே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். நான்கு மரத்தை வெட்டினார்கள், மற்ற இரண்டு கூடையும் காலி, ஐந்தாவதில் தேனீ இருந்ததால் அதை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அடுத்த அறுவடையில் முப்பத்திரண்டு மூட்டை வந்தது. போனில் உன்னிடம் பெருமை அடித்துக்கொண்டேனே, அது இந்தக் காப்பிதான். இந்த வருஷம் பூக்கிற காலத்தில் பெய்கிற சிறுமழை வரவில்லை. பூ எப்போதும்போல வெள்ளையாகத்தான் பூத்தது, நான்கே நாளில் கருகி உதிர்ந்தது. பக்கத்தில் மெகுரியா பங்கில் காலையில் மரத்திலிருந்து பனி சொட்டுகிறது, பிஞ்சு பிடித்திருக்கிறது. நம் பங்குக்குக் கீழே இருந்த ஊற்றும் நின்றுபோய், பெண்கள் குடத்தோடு ஆற்றுக்கு நடக்கிறார்கள். காடு கரிப்புகையைப் பிடித்து வைக்கிறது, உலகத்துச் சூட்டைக் குறைக்கிறது என்று சொல்லி வருஷா வருஷம் அளவு நாடாவோடு வந்து மரத்தைக் கட்டிப்பிடித்து அளக்கிறவர்கள் சங்கத்துக்குப் பணம் கொடுப்பதைப் பார்த்து, காற்றை மூட்டை கட்டி விற்கிறீர்களா என்று மெகுரியாவைக் கேலி செய்தவன் நான். இப்போது நம் பங்கில் நின்றால் உச்சந்தலை கொதிக்கிறது, நாலு எட்டு வைத்து அவர் பங்குக்குள் போனால் முதுகு குளிர்கிறது. எனக்கு நாடா தேவையில்லை.

வானம் செய்ததற்கு நான் என்ன செய்ய என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் உள்ளே விட்ட வெயில்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. ஐந்தாவது மரத்தின் பாசி காய்ந்து, பொருக்காகி, தானாகக் கழன்று விழுந்துவிட்டது. தேனீ போய்விட்டதே என்று காலிக் கூடையை இறக்கப் போன பெரியப்பா வெட்டைப் பார்த்துவிட்டார். நான் போனபோது பட்டை உரிந்த அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். நேரே சங்கத்துக்குப் போய், "பொய் சாட்சி சொன்னது நான்தான்யா, முதல்ல என் பங்க எடுத்துக்குங்க" என்று சொன்னாராம். அவருடையதை யாரும் தொடவில்லை. அன்றிலிருந்து நம் வீட்டுக்கு ஒருவரும் காப்பிக்கு வருவதில்லை. அம்மா தினமும் விருந்தாளி வருகிற வழக்கப்படி தரையில் பச்சைப்புல் பரப்பி, கொட்டை வறுத்து, வாசம் தெரு முழுக்கப் போகிற மாதிரி முறத்தை வாசலில் கொண்டுபோய் ஆட்டிவிட்டு வந்து ஆறு கிண்ணம் வைக்கிறாள். வழக்கமான மூன்று சுற்றுக் காப்பியையும் நாங்கள் இரண்டு பேர்தான் குடிக்கிறோம். பெரியப்பா கிண்ணத்தை ஊற்றாமலே எடுத்துக் கழுவி வைக்கிறாள்.

நீ பணம் எதுவும் அனுப்பாதே, பணத்தால் சரியாகிற காரியம் இல்லை. பெரியப்பாவுக்குப் போன் செய், உடம்பை மட்டும் விசாரி, எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தை பேசிவிடாதே. வேலை வேலை என்று வெறும் வயிற்றில் ஓடாதே, கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே. எங்களுக்குக் குறைந்ததெல்லாம் உனக்குச் சேர்ந்து, நல்ல மனுஷர்கள் நடுவில் நீ நிறைவாக வாழ வேண்டும் அம்மா.

சங்கத்தில் பேசி முடித்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு நம் குடும்பத்தில் யாரும் அங்கே ஒரு பழம் பறிக்கக்கூடாது. அதே ஜாதிக் கன்று இருநூறு நான் நட்டு, என் கையாலேயே தண்ணீர் சுமந்து ஊற்ற வேண்டும், செத்ததற்கு மறுகன்று வைக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் கழித்து நீ நேரில் வந்து கேட்டால் பங்கை உன் பெயருக்குக் கொடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். கடைசி நிபந்தனை பெரியப்பா கேட்டது. நடுப்பகலில் அந்தத் தரையில் வெயில் விழாத நாள் வரும்வரை அவர் நம் வீட்டில் காப்பி குடிக்க மாட்டார். நான் வைக்கிற கன்றுகள் அவ்வளவு உயர முப்பது வருஷம் ஆகும், அவருக்கு இப்போது எழுபத்தொன்று. நான் பேரம் பேசவில்லை, ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கொச்சிதோ