நான் சுரண்டி எடுத்த வெள்ளைப் பசை

திண்டுக்கல்
14.9.2005, புதன்கிழமை

அன்பு மகன் மதியழகனுக்கு அப்பா மூக்கையா எழுதிக்கிறது. மஸ்கட்டுல நீ சுகமா இருக்கணும், வேளாவேளைக்குச் சாப்பிடணும். இங்க நானும் உங்கம்மாவும் தங்கச்சி ஆனந்தியும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாம இருக்கோம், மனசுக்குத்தான் சரியில்ல. அப்பன் பேனா பிடிச்சிருக்கான்னா ஏதோ வில்லங்கம்னு நினைப்ப, உன் நினைப்பு சரிதான் அப்பு. போன் இருக்கிற எடத்துலதான் ஆனந்தி உக்காந்திருக்கா, அதுல சொல்ல முடியல. அதான் பட்டறையில ரேடியேட்டரெல்லாம் ஆறட்டும்னு போட்டுட்டு மத்தியானத்துல எழுதுறேன். எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், நாலாப்புக்கு மேல வாத்தியார் என்னைத் தாங்கல.

நீ வாங்கிக் குடுத்த கம்ப்யூட்டர்ல சகாயசெல்வி டீச்சரோட பத்தாப்பு கைடை ஆனந்தி டைப் அடிச்சுக்கிட்டு இருந்தா. தொப்பம்பட்டியில அவ மாமியார், நீ கால் வச்ச நேரம் மாடு செத்துச்சு, நீ தொட்டது வெளங்காதுன்னு தினமும் சொல்லிச் சொல்லித்தானே அவ இங்க வந்தது. இந்த வேலை வந்தப்புறம்தான் தலையை நிமித்தி நடந்தா. போன மாசம் அந்த சிபியு பெட்டி வண்டு மாதிரி இரைய ஆரம்பிச்சுச்சு. நீ சொன்னபடி ரெண்டு எடத்துல சூட்டைப் பாத்தா. ஸ்கிரீன் ஓரத்துல இருக்கிற புரோகிராம் நாப்பத்தாறுங்குது, ஆன் பண்ணும்போது வர்ற நீலப் பக்கம் எழுபத்தொம்பதுங்குது. கடையில காட்டுங்கன்னு சொன்ன. எனக்கு ரோசம் வந்துருச்சு. கேரளாவுக்குப் போற லாரிக்கெல்லாம் இருபத்தாறு வருசமா சூடு இறக்குறவன், இந்த டப்பாவுக்கு இன்னொருத்தன்கிட்ட போய் நிக்கிறதா? ஞாயித்துக்கிழமை அவளும் உங்கம்மாவும் நெய்க்காரப்பட்டி கல்யாணத்துக்குப் போன நேரம் பாத்துப் பெட்டியைக் கழட்டினேன். புளோயர்ல தூசி ஊதினதோட நிறுத்தியிருக்கணும். காத்தாடிக்கு அடியில ஒரு அலுமினியக் கட்டி, அதுக்கு அடியில வெள்ளையாக் காஞ்ச பொருக்கு. ரேடியேட்டர்ல உப்பு படியுமே, அதேதான்னு நினைச்சு பிளேடால சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சு, கண்ணாடி கணக்கா மினுக்கி மாட்டிட்டேன். யாருக்கும் மூச்சு விடல.

மறுநாள்லருந்து பத்து நிமிசத்துக்கு ஒருக்கா தானா அணைஞ்சுச்சு. அடிச்சு வச்ச பக்கத்துல பாதி காணாமப் போச்சு. நான் எட்டிப் பாத்தா அந்தப் புரோகிராம் அப்பவும் நாப்பத்தாறுதான் காட்டுது, சூடே இல்லையேன்னு எனக்குத் தெம்பு. சும்மா இருக்கிற வாயா இது, உன் கை பட்டாத்தான் அதுக்குக் காய்ச்சல் வருது தாயின்னு கேலி பண்ணிட்டேன். அவ முகம் போன போக்கைப் பாத்துட்டு உங்கம்மா என்னை முறைச்சா, எனக்கு அப்பவும் உறைக்கல. அடுத்த நாளே நோட்டையெல்லாம் டீச்சர்கிட்ட திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டா. நான் தொட்டா எதுவும் நிக்காதும்மா, அங்கயே போயி இருந்துக்கிறேன்னு சொல்லியிருக்கா. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை கூப்பிட வாரார்.

நேத்து பெட்டியை மொபெட்ல வச்சு பஸ் ஸ்டாண்டு கிட்ட சேக் பரீது கடைக்குக் கொண்டு போனேன். பிரிச்சுப் பாத்துட்டு, அண்ணே இங்க ஒரு பசை இருக்கணுமே, எந்தப் புண்ணியவான் வழிச்சு எடுத்தான்னு கேட்டார். எலி தின்னுருக்கும்னேன். அவர் சிரிக்கல. சூட்டைக் கட்டிக்குக் கடத்துறதே அந்தப் பசைதானாம். அந்தப் புரோகிராம் காட்டுறது போர்டோட சூடாம், உள்ள இருக்கிற பிராசசர் சூட்டை நீலப் பக்கந்தான் காட்டுமாம். பழைய பசையும் காஞ்சுதான் போயிருக்கும், ஆனா அதை எடுத்தா புதுசு வைக்கணும்ல அண்ணேன்னார். மிளகளவு வச்சு மாட்டினார், நீலப் பக்கம் ஐம்பத்திரண்டுல நின்னுச்சு. மிசின் சரியாயிருச்சு.

நீ அவகிட்ட பக்குவமாச் சொல்லுன்னு கேக்கத்தான் எழுத உக்காந்தேன். இந்தக் கடிதாசி உன் கைக்கு வர பத்து நாளாகும், அவ நாளன்னைக்குப் போயிருவா. நானே சொல்லணும். போறேன்.

வியாழக்கிழமை எழுதுறது. சொல்லிட்டேன். பசை, பிளேடு, எலின்னு பொய் சொன்னது எல்லாம். அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல அப்பான்னு ஒரு வார்த்தைதான் கேட்டா, திட்டி வஞ்சிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். காலையில அவளே மிசினைப் போட்டு நீலப் பக்கத்தைப் பாத்தா, ஒரு மணி நேரம் ஓட விட்டு மறுபடி பாத்தா. இப்ப டீச்சர் வீட்டுக்கு நோட்டு வாங்கப் போயிருக்கா. சூட்கேஸ்ல அடுக்கின சேலையை இன்னும் எடுக்கல. நாளைக்கு என்ன செய்வான்னு தெரியாது, நானும் கேக்கல. மாப்பிள்ளை வந்தா வாசல்ல வச்சே அவர்கிட்டயும் இதைச் சொல்லிருவேன், மிசின் கெட்டது எம் மக கையால இல்லைன்னு.

நீ நல்லா இருக்கணும்ப்பா, முருகன் உன்கூடவே நிக்கணும். வெயில்ல தலைக்குத் துண்டு கட்டிக்க. போன் பண்ணும்போது கம்ப்யூட்டர் பத்தி அவகிட்ட விளையாட்டுக்குக்கூட கேலி பேசிராத. நானும் வாயை மூடித்தான் வச்சிருக்கேன், வீடு சத்தமே இல்லாம இருக்கு.

இப்படிக்கு
உன் அப்பா
மூ. மூக்கையா