கோ என்று சொல்ல வேண்டும்

ஏப்ரல் 6, ஞாயிறு

ஐம்பத்திரண்டில் ஆறும் எடுத்துட்டேன்! காற்றே இல்லாத காலை, அசையாத தண்ணீர். ஒரு தடவை எடுத்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடுவார்கள் என்று உடனே இன்னொரு தடவையும் எடுத்தேன். இரண்டு தோளும் கழன்று விழுகிற மாதிரி வலி. வலிக்கட்டும்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு விளக்கினேன். படகு மணிக்கு ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போகும். நான் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை ஸ்கீப் பலகையில், இடது பக்கம் ஒரு மிதவை, வலது பக்கம் ஒரு மிதவை என்று ஆறையும் சுற்றி வர வேண்டும். அம்மா கேட்டார்: "படகே நேராத்தானே போகுது, நீயும் நேராவே போனா என்ன?" அப்பா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது.

ஏப்ரல் 8, செவ்வாய்

கோச் சபீதா வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். ஜொகூர் மாநில அணிக்கான தேர்வு மே 10. பெக்கான் நானாஸில், நம் ஏரியிலேயே. ஐம்பத்திரண்டில் ஆறும் எடுக்கிற பெண்கள் அணியில். ஜூலையில் தாய்லாந்தில் போட்டி.

தாய்லாந்து! செனாயில் பிறந்து, தலைக்கு மேல் விமானம் போவதைத் தினமும் பார்க்கிறேன். ஒன்றில்கூட ஏறியதில்லை.

படித்ததும் கட்டிலில் ஏறிக் குதித்தேன். இறங்கியதும்தான் நினைவு வந்தது. போன வருஷம் இரண்டு போட்டி. இரண்டிலும் தண்ணீரைவிட்டு எழும்பவே இல்லை. பயிற்சி என்றால் புலி. யாராவது மார்க் போட உட்கார்ந்தால் நனைந்த பூனை.

ஏப்ரல் 19, சனி

கோச் இன்று ஒத்திகைப் போட்டி வைத்தார். கரையில் மைக், மேசை, நடுவர் மாதிரி உட்கார நாலு பேர். மைக்கில் என் பெயர் வந்தது.

தண்ணீரில் மிதக்கிறேன். ஸ்கீ நுனி மேலே. கயிறு இறுகுகிறது. நான் 'கோ' என்று கத்தினால்தான் படகு இழுக்கும். கத்தணும், அவ்வளவுதான். வாயைத் தொறக்குறேன் — ஒண்ணும் வரல. காத்துதான் வருது. படகு நிக்குது, எல்லாரும் பாக்குறாங்க, படகு ஓட்டுற பாங் ஹாபிஸ் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டுத் திரும்பித் திரும்பிப் பாக்குறாரு. ஒரே ஒரு எழுத்து! அது கூடவா வராது? நான் என்ன ஊமையா? கடைசியில என்னமோ முனகுனேன். படகு இழுத்துச்சு, கை தயாரா இல்ல, கைப்பிடி மட்டும் பறந்து போயிருச்சு. மூக்கு நெறைய ஏரித் தண்ணி.

துண்டு கொண்டுவந்தவள் நிலோபர். கூலாயில் அவள் அத்தா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். படிவம் இரண்டு படிக்கும்போது ஒரே முகாமில் நாங்கள் இருவரும் ஸ்கீயில் நிற்கக் கற்றோம். "நீ தண்ணிக்குப் பயப்படலடி, மைக்குக்குப் பயப்படுற" என்றாள். அவளுக்கு என்ன, அவளுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது.

ஏப்ரல் 20, ஞாயிறு

போகவில்லை. படுத்தே கிடந்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

உள்ளங்கைத் தோல் கிழிந்துவிட்டது. கோச் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் கயித்தத் தொடக்கூடாது. படகுல உக்காந்து மத்தவங்களப் பாரு" என்றார். விழுந்தால் ஓட்டுநருக்குச் சொல்ல ஓர் ஆள் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். அந்த வேலை.

இத்தனை வருஷத்தில் நான் இதைப் பார்த்ததே இல்லை! 'கோ' சொல்வதற்கு முன்னால் எல்லாருடைய முகமும் எப்படி இருக்கிறது என்று. பத்து பாகாட்டிலிருந்து வருகிற ரூபேந்திரன் அண்ணன் மாநில சாம்பியன். அவர் கொட்டாவி விடுகிறார். தூக்கத்தால் இல்லை, நடுக்கத்தால்! கொட்டாவியோடு தாடை கிடுகிடு என்று ஆடுகிறது. நிலோபர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தாள்.

கரைக்கு வந்ததும் கேட்டேன்: "துஆ ஓதுனியா?"

"இல்லடி. 'என்னை விட்டுருங்க, நான் வீட்டுக்குப் போறேன், என்னை விட்டுருங்க'ன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"இன்னைக்கு மட்டுமா?"

"எல்லா நாளும் லா! கோ சொன்னதுக்கு அப்புறம் பயப்பட நேரம் எங்க இருக்கு?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவளைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளிவிட்டேன்.

மே 3, சனி

கை ஆறிவிட்டது. இன்று ஒன்று செய்து பார்த்தேன். நிலோபர் முணுமுணுப்பதை நான் கத்தினால் என்ன? கயிறு இறுகினதும், "பயமா இருக்கு! கோ!" என்று கத்தினேன். பாங் ஹாபிஸ் திடுக்கிட்டே போய்விட்டார். ஆனால் இழுத்தார், நானும் எழும்பிவிட்டேன்!

ஓட்டம் முடிந்ததும், "பயமா, அபா மாக்னா?" என்று அர்த்தம் கேட்டார். "தாக்குட், பாங்" என்று மலாயில் சொன்னேன். அந்த மனுஷன் சிரித்ததில் படகே ஆடியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அவரே, "பயமா?" என்று கேட்கிறார். நான் "பயம்! கோ!"

கோச் பக்கத்தில் வந்து, "தேர்வுக்கு வேற ஊர்லேர்ந்து ஓட்டுநர் வராரு, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். இருக்கட்டும். இன்று மட்டும் சந்தோஷமாக இருந்துகொள்கிறேன்.

மே 9, வெள்ளி

நாளைக்கு அம்மாவும் வருகிறாராம். இதுவரை ஒரு தடவைகூட வந்ததில்லை, நீச்சல் தெரியாதவர், தண்ணீரைப் பார்த்தாலே மயக்கம். ஏன் நாளைக்கு? ஏன் நாளைக்கே?

மே 10, சனி

எழுத உட்காரவே முடியவில்லை, அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். சரி. வரிசையாக எழுதுகிறேன்.

ஏரிக் கரையில் அத்தனை கார். அன்னாசித் தோட்டத்து மண்பாதை வரைக்கும். அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கார்களைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். "நீ முடிச்சதும் அப்பா சொல்லுவாரு, அப்புறம் திரும்புறேன்." ஓட்டுநர் புது ஆள், கறுப்புக் கண்ணாடி, சிரிப்பே இல்லை.

மைக்கில் என் பெயர். குதித்தேன். கயிறு இறுகியது. வாயைத் திறந்தேன். மறுபடியும் அதே — ஒண்ணுமே வரல. சத்தியமா வரல.

அப்போதுதான் ஓட்டுநர் இன்ஜினைச் சட்டென்று அணைத்தார். கரையிலிருந்து ஒரே கூச்சல்: "பியாவாக்! பியாவாக்!"

எனக்கும் படகுக்கும் நடுவில் ஓர் உடும்பு நீந்தி வருகிறது. என் ஸ்கீயைவிட நீளம். பாதி வழியில் நின்று, தலையைத் தூக்கி, நாக்கை நீட்டி என்னைப் பார்த்தது. அறிவிப்பாளர் மைக்கில் மலாயில் சொல்கிறார்: "கூடுதலாக ஒரு போட்டியாளர் வந்திருக்கிறார், தயவுசெய்து காத்திருக்கவும்." கரை முழுக்கச் சிரிப்பு.

"அலமாக்! சிரிக்காதீங்க, தண்ணியில இருக்குறது நான் லா!"

யார் கத்தியது? நான்தான். அந்தக் கடைசி கார் வரைக்கும் கேட்டிருக்கும். தொண்டை திறந்துகொண்டது. உடும்பு அவசரமே இல்லாமல் கோரைக்குள் போனது. எனக்கு ஒரே சிரிப்பு, மிதந்துகொண்டே சிரிக்கிறேன், உடம்பு கிடுகிடு என்று நடுங்குகிறது, இரண்டும் ஒரே நேரத்தில். கயிறு மறுபடி இறுகியது.

"பயமா இருக்கு! கோ!"

ஓட்டுநருக்கு முதல் பாதி புரிந்திருக்காது. கோ புரிந்தது.

எழும்பிட்டேன்! நாற்பத்தாறில் ஆறு. நாற்பத்தொன்பதில் ஆறு. பிறகு ஐம்பத்திரண்டு. மூன்று வரைக்கும் எல்லாம் நன்றாகப் போனது. நான்கில் கொஞ்சம் தாமதம், ஐந்தில் இன்னும் தாமதம். ஆறுக்குப் போகும்போது கயிறு தொய்ந்து, ஸ்கீயின் வால் தண்ணீரில் அமுங்கி, நான் ஏறக்குறைய உட்கார்ந்தே விட்டேன். ஒரு கையில்தான் கைப்பிடி. கயிறு வெடுக்கென்று இழுத்தது. தோள் போச்சு என்று நினைத்தேன். போகவில்லை. விடவில்லை. மிதவை என் முழங்காலை உரசாத குறையாகப் பின்னால் போனது. ஆறு!

அடுத்து ஐம்பத்தைந்தில் மூன்றாவதிலேயே குட்டிக்கரணம். அதைப் பற்றி யாருக்குக் கவலை?

படகுத்துறையில் ஏறினால், தண்ணீரின் ஓரத்தில் அம்மா. செருப்பெல்லாம் சேறு. உடும்பு என்று சத்தம் கேட்டதும் திரும்பியவர், பிறகு உட்காரவே இல்லையாம்.

"அது உன்னைக் கடிக்கலையே?"

"இல்லம்மா."

என் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னொரு தடவ போவியா? பாதியில கண்ண மூடிட்டேன்."

நிலோபரும் ஆறு எடுத்தாள். எடுத்துவிட்டு படகுத்துறையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதாள்.

மே 11, ஞாயிறு

தலை சீவக் கை தூக்க முடியவில்லை. அம்மா சீவிவிட்டார். அப்பா பாஸ்போர்ட்டுக்கு என்ன என்ன வேண்டும் என்று போனில் யாரையோ கேட்டுக்கொண்டிருக்கிறார், தேவைக்கு மேல் சத்தமாக. பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்றுதான்.

ஜூலை 26, சனி

தாய்லாந்து. இங்கே ஏரித் தண்ணீர் நம்முடையதைவிடச் சூடு. லைஃப் ஜாக்கெட் போட்டாச்சு, ஈரக் கையுறையைக் கழற்றிவிட்டு எழுதுகிறேன். எனக்கு முன்னால் ஒரு கொரியாக்காரப் பெண். மிதவையைச் சுற்றி எவ்வளவு அழகாக வெட்டித் திரும்புகிறாள்! ஐந்து... ஆறையும் எடுத்துவிட்டாள். என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன்.

நிலோபர் பேனாவைப் பிடுங்க வருகிறாள். "உன் பேரைக் கூப்பிட்டாச்சுடி, எந்திரி லா!"

கேட்டுச்சு. இந்த வரியை முடிச்சிட்டுப் போறேன்.