சூடு ஆறாத இஸ்திரிப் பெட்டி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் உண்டு உறங்கி எழுந்துகொண்டிருக்கிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் போதும். கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே. என் வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதடி என்றால் கேட்காமல், பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி திருத்தித் திருத்தி எழுதுகிறாள். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

நம் கடன் சங்கம் எப்படிப் போகிறது என்று நீ கேட்டபோதெல்லாம் மழுப்பிவிட்டேன். உன் முதல் சம்பளத்தை அனுப்பி, நம் தெருப் பெண்களுக்கு வட்டியில்லாமல் சின்னச் சின்னக் கடனாகக் கொடும்மா, நமக்கு லாபம் வேண்டாம் என்று நீ சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்னறையில் மேசை போட்டோம், அப்பா பலகை எழுதி மாட்டினார். ஐந்து பேர் ஒரு குழு, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வருக்கும் அடுத்த கடன் கிடையாது என்று நீ எங்கோ படித்துச் சொன்ன விதியையே வைத்தோம். காய்கறிக்காரி தராசு வாங்கினாள், இஸ்திரிக்காரி தள்ளுவண்டியும் கரிப்பெட்டியும் வாங்கினாள். அன்று முதல் அவள் நம் வீட்டுத் துணிக்குக் கூலியே வாங்குவதில்லை. உங்ககிட்ட போய் காசு வாங்குவேனாக்கா என்பாள். பாசம் என்று நினைத்து நானும் மூட்டை மூட்டையாகக் கொடுத்தேன்.

போன மாதம் அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு வண்டி ஓடவில்லை, தவணையும் வரவில்லை. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் குழுவில் மற்ற நால்வரும் சேர்ந்து போய், பிள்ளை தேறி மறுபடி துணி தேய்த்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நீங்க வாயே திறக்க வேணாம்க்கா, நாங்களே பாத்துக்கிட்டோம் என்று காய்கறிக்காரி அதை என் மேசைமேல் வைத்தாள். எனக்கு நல்லது செய்துவிட்ட பெருமை அவள் முகத்தில். உள்ளே கங்கு இருந்திருக்கிறது. விரிப்பு கருகுகிற வாடை வந்ததும் பதறிப்போய் அடிப்பக்கமாகப் பிடித்துத் தூக்கிவிட்டேன். கை வெந்தது அப்படித்தான்.

மறுநாள் பெட்டியை இடது கையில் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்தவள், இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கங்கக்கா, ஓடிட மாட்டேன் என்றாள். நான் என்ன கொண்டுவந்திருக்கிறேன் என்றுகூடப் பார்க்கவில்லை. இது உன்னுதும்மா, எடுத்துக்க என்றேன். கட்டி முடிச்சிட்டு வாங்கிக்கிறேன்க்கா, இப்ப எடுத்தா அவங்க என்னைச் சும்மா விடமாட்டாங்க என்று கதவைச் சாத்திவிட்டாள். அதற்கடுத்த நாள் வீடு பூட்டிக் கிடந்தது. பிள்ளையோடு எங்கே போனாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வண்டி மட்டும் சுவரோரம் நிற்கிறது.

அவள் கடனைத் தள்ளிவிட்டேன் என்று நால்வரிடமும் சொன்னேன். அப்ப ஒழுங்கா கட்டின நாங்கல்லாம் இளிச்சவாயங்களா என்று காய்கறிக்காரி கேட்டாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை. இப்போது நான் தெருவில் இறங்கினால் பேச்சு நின்றுபோகிறது. வீட்டுக்கு நாய் வாங்க வேண்டாம், உங்கம்மா வாசலுக்கு வந்தா போதும், தெருவே காலி என்கிறார் அப்பா. முன்பெல்லாம் சிரித்திருப்பேன். இத்தனை நாள் அவர்கள் எனக்குக் காட்டிய சிரிப்பில் எது நிஜம், எது பயம் என்று பிரித்துப் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போயிற்று. அலமாரியைத் திறந்தால் இஸ்திரிக்காரி மடித்துக் கொடுத்த துணிதான் அடுக்கடுக்காக இருக்கிறது, ஒன்றையும் எடுத்து உடுத்த முடியவில்லை. உன் தங்கை கசங்கின சட்டையோடு பள்ளிக்கூடம் போய்வருகிறாள்.

உன் அலுவலக நண்பர்கள் நம் சங்கத்துக்குப் பணம் அனுப்ப ஆசைப்படுவதாகச் சொன்னாய். வேண்டாம் என்று சொல்லிவிடப்பா. பலகையை அப்பா கழற்றிவிட்டார். உன்மேல் குறை இல்லை, நீ நல்லதைத்தான் நினைத்தாய், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நீ நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், ராசா. குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. இன்னொன்றையும் மறக்காதே. அங்கே உனக்குத் துணி தேய்த்துத் தருகிறவர் யாராக இருந்தாலும் கூலியை அன்றைக்கே கையில் கொடுத்துவிடு. வேண்டாம் என்று சிரித்தாலும் கொடு.

சொன்னவள் உன் அம்மா,
எழுதியவள் உன் தங்கை.