லெந்து நாளில் விழுந்த துடைப்ப அடி

அன்பு மகள் பிரின்சிக்கு, கும்மிடிப்பூண்டியிலிருந்து அம்மா ஞானம்மா முத்தங்களோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே காதை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அதனால்தான் இதை எழுதி, லீவு முடிந்து திரும்புகிற உன் சிநேகிதி ஷைனி கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது லெந்து நாட்களில் மட்டும் உன் அப்பா குடிக்க மாட்டார், ஈஸ்டர் மத்தியானம் கறிக்குழம்போடு விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார் என்பது உனக்குத் தெரிந்ததுதான். அந்த நாட்களிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, எளாவூர் செக்போஸ்ட்டில் லாரியை மறிப்பது போல வாசலில் மறித்து, ஊதச் சொல்லி மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவேன். இந்த வருஷம் அதே சமயத்தில், குடிகார ஆம்பளைகளை வைத்துச் சிரிப்புப் படம் எடுக்கிறோம் என்று ஒரு கூட்டம் வந்து, நான் பெருக்குகிற கம்பெனிக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த குடோனை பார் மாதிரியே மாற்றியது. நம்மூரில் நிஜ பாருக்கு என்ன பஞ்சமோ! கூட்டத்தில் உட்கார ஆள் வேண்டுமென்று உன் அப்பாவையும், மில்லில் அவரோடு வேலை செய்யும் லோகு, எபினேசரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னிடம் அப்புறம் சொல்லி அசத்தலாமென்று இருந்தாராம், கிழிஞ்சது. கூட வேலை செய்யும் பிரேமா ஓடிவந்து, "யக்கா, பட்டப்பகல்ல உன் ஊட்டுக்காரு பார்ல குந்திக்கினு ஊத்திக்கினு கீறாரு" என்றாள். கையிலிருந்த துடைப்பத்தோடு போனேன். லைட்டு, கேமரா எதுவும் கண்ணில் படவில்லை, அந்த மூஞ்சியும் கிளாஸும்தான் தெரிந்தது. நாலு சாத்து சாத்தினேன். கிளாஸ் கவிழ்ந்து என் புடவை நனைந்த பிறகுதான் வாசனை வந்தது, பால் ஊற்றாத டீ. டைரக்டர் தம்பி ஓடிவந்து, "சூப்பர்மா, இதை அப்படியே வெச்சிக்கிறோம்" என்று என்னைக் கும்பிடுகிறான். உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "குடிச்சப்போல்லாம் ஒரு அடி அடிச்சதில்ல, குடிக்காதப்போ அடிச்சிட்ட இல்ல" என்றார்.

அன்றிலிருந்து ஊதுவதும் நின்றது, பேச்சும் நின்றது. ஈஸ்டர் வந்தது, கறி தின்றார், கையைக் கழுவிக்கொண்டு படுத்துவிட்டார். கூப்பிட வந்த லோகுவிடம், "நான் குடிச்சா அவ அடிச்சது சரின்னு ஆயிப்பூடும், போய்யா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. பாரேன், பாஸ்டர் ஜெபத்துக்கு மசியாத மனுஷன் வீம்புக்குத் திருந்தியிருக்கிறார்! எனக்குத்தான் பேஜாரு. மன்னிப்புக் கேட்க வாய் வரைக்கும் வரும், கேட்டுவிட்டால் வீம்பு போய்ப் பழையபடி ஆரம்பித்துவிடுவாரோ என்று விழுங்கிவிடுவேன். அவருக்குக் காமாலை வந்தபோது, இன்னொரு தடவை ஈரல் தாங்காது என்று டாக்டர் சொன்னதை நீயும்தானே கேட்டாய்.

போன சனிக்கிழமை படம் வந்தது, எல்லோரும் மேட்னிக்குப் போனோம். குடியை விடுவதாகச் சத்தியம் பண்ணிய நாலு பேரில் ஒருவன் செத்துப்போகிறான், மற்ற மூவரும் துக்கம் தாங்காமல் சாவு வீட்டிலேயே குடிக்கிறார்கள், நம் தெருவில் டிக்கெட் இல்லாமலே பார்த்ததுதான். என் துடைப்பத்துக்குத் தியேட்டரே விசிலடித்தது, இருட்டில் உன் அப்பா முகம் தெரியவில்லை. எபினேசர் தேம்பித் தேம்பி அழுது, "இனிமே தொடவே மாட்டேன்" என்றான், படம் விட்டதும் அந்த மனக்கஷ்டம் ஆற நேராக ஒயின்ஷாப்புக்கு நடந்தான். நடித்தவர்களுக்கு லோகு பார்ட்டி தருகிறானாம், உன் அப்பாவையும் தோளில் கைபோட்டுத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான் ஷேர் ஆட்டோவில் தனியாகத் திரும்பி, அடுப்புகூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நன்றாக இருட்டிய பிறகு வந்தார். அவராகவே வாசலில் நின்று குனிந்து என் முகத்தில் ஊதினார். வெங்காய பஜ்ஜி, டீ. எனக்கு அழுகை வந்துவிட்டது, பயமெல்லாம் மறந்து "தப்புப் பண்ணிட்டன்யா, மன்னிச்சிடு" என்றேன். "வுடுடி, என்னோட அந்த மூஞ்சிய ஸ்கிரீன்ல பாத்தேன், நானா இருந்தாலும் சாத்தியிருப்பேன்" என்றார்.

கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வா கண்ணு, ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போனில் இனிமேல் "அப்பா குடிச்சாரா" என்று என்னைக் கேட்காதே, "படத்துல எப்டிப்பா நடிச்ச" என்று அவரைக் கேள். உனக்குச் சொல்லக் காத்துக்கினு இருக்கிறார். மன்னிப்புக் கேட்டும் ஆயிற்று, இன்றைக்கும் ஊதினார், டீதான்.

இப்படிக்கு,
உன் அம்மா ஞானம்மா தானியேல்