அறுபத்தி மூணுல பச்சை

அன்புள்ள ஜெயசித்ரா,

நான் மஸ்கட்ல சொகமா இருக்கேன். ஒன் முட்டுவலி தேவலையா? போன்ல பேசினா நீ ஸ்பீக்கர்ல போடுவ, பிள்ளைக கேக்கும். அதான் லீவுக்கு வார சுடலைராஜ் கையில இந்தக் கடுதாசியக் கொடுத்து விடுதேன்.

போன வாரம் கம்பெனில ஒருத்தர் வந்து, வயசான காலத்துக்கு எப்படிப் பணம் சேக்கணும்னு வகுப்பு எடுத்தாரு. டீயும் பிஸ்கட்டும் உண்டு. இப்ப என்ன வயசு, கையில என்ன இருக்கு, எத்தன வயசு வரைக்கும் உசுரோட இருப்பீங்கன்னு செல்லுல போடணும். பணம் பத்தும்னா பச்சை, பத்தாதுன்னா சிவப்பு. நான் எண்பதுன்னு போட்டேன், சிவப்பு. எழுபதும் சிவப்பு. கொறச்சுக்கிட்டே வந்து அறுபத்தி மூணுன்னு போட்டதும் பச்சை விழுந்துட்டு. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் சிரிச்சேன்.

இருபது வருசத்துக்கு முன்னாலயே ஆரம்பிச்சிருக்கணுமாம். அப்ப நம்ம சங்கரன்கோவில் வீட்டுக்கு மாடி எடுத்துக்கிட்டு இருந்தோம். நாலு பேரு மெச்சணும்னு நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன். மாடியப் பூட்டியே போட்டுறாத. அப்பப்ப ஜன்னலத் தொறந்து வையி.

அறுபது வயசுல இங்கன இருந்து ஊருக்கு அனுப்பிருவாங்க. பெறகு மூணு வருசம் நம்ம சேந்து இருக்கலாம்.

சுடலைராஜ் திரும்பும்போது எலுமிச்சங்கா ஊறுகாயும் ரெண்டு கைலியும் கொடுத்து விடு.

வேன் வந்துட்டு, டூட்டிக்குப் போறேன். எங்க அப்பா சாகும்போது அவருக்கு என்ன வயசுன்னு அம்மாகிட்ட கேட்டுச் சொல்லு. சும்மாதான் கேக்கேன்.

பேச்சிராஜா